எட்டு முழம்

அத்தியாயம் ஆறு

மகேஸ்வரன் இரண்டு கைகளையும் நீட்டினார். உள்ளங்கை, புறங்கை, மறுபடி உள்ளங்கை. துர்க்கா கேட்ட ஒழுங்கிலேயே காட்டினார்.

வெட்டுக்காயம் இல்லை. கீறல் இல்லை. ஆறிய தழும்புகூட இல்லை.

"இனிக் கீழை விடலாமோ, பிள்ளை?"

வாசல் சுவரில் சாய்ந்தபடி அவருடைய மகள் நின்றாள். பள்ளிக்கூடப் பை தோளில் தொங்கியது. அவள் தகப்பனின் கைகளைப் பார்க்கவில்லை. துர்க்காவின் முகத்தையே பார்த்தாள். இந்த முகத்தைப் பிறகு எங்கே கண்டாலும் அடையாளம் தெரிய வேண்டும் என்பதுபோல.

"ஓம் அண்ணை. வேறை ஒண்டும் இல்லை" என்றாள் துர்க்கா.

கதவு மெதுவாகச் சாத்தப்பட்டது. அடித்துச் சாத்தியிருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

லிப்ற்றுக்குள் ஏறும்வரை திலக்சன் பொறுத்திருந்தான். துர்க்காவின் உதவியாளன். கார் ஓட்டுவது, படம் எடுப்பது, கேட்காமலே கருத்துச் சொல்வது, மூன்றும் அவன் வேலை.

"அக்கா, அந்தப் பிள்ளை பார்த்த பார்வைக்கு உங்களுக்கு இனிக் கெட்ட கனவே வராது."

"ஏன்?"

"நித்திரை வந்தாத்தானே கனவு."

"வாயை மூடடா."

"மூடுறன். ஆனா ஒண்டு. களவெடுத்தவன் கையைக் காட்டச் சொன்னா, ஏன் எண்டு கேப்பான். இந்த மனிசன் கேக்கேல்லை."

அது துர்க்காவுக்கும் உறைத்திருந்தது. ஏன் என்று கேட்காமல் கையை நீட்டுகிற பழக்கம் ஒருவருக்கு எப்படி வரும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. விமான நிலையத்தில் வரும், வேலை கொடுக்கும் கந்தோரில் வரும், பிள்ளையின் பள்ளிக்கூடத்து வாசலில்கூட வரும். அந்தப் பழக்கத்தைத்தான் அவள் இன்று காலை பயன்படுத்திக்கொண்டாள். அதுவும் மகள் பார்த்துக்கொண்டு நிற்க.

துர்க்காவுக்கு முப்பத்தொரு வயது. லைசென்ஸ் வைத்திருக்கும் துப்பறிவாளர். குடும்பத்தில் பட்டமளிப்பு மேடை ஏறிய முதல் ஆள். அதை யாராவது பாராட்டினால் அவளுக்குக் கோபம் வரும். பாராட்டாவிட்டால் இன்னும் கோபம் வரும். அவளிடம் இந்த வழக்கைக் கொண்டுவந்த நிலக்சியும் அதே ரகம். கனடாவின் வெக்ஸ்போர்ட் பகுதியில், கார் திருத்தும் கடைகளுக்குப் பின்னால், சொந்தமாக ஒரு நெசவுக்கூடம் வைத்திருப்பவள். சணலையும் பருத்தியையும் கலந்து நெய்யும் இடம். முதல் றோல் துணி முடிந்த வாரமே அதில் ஒரு துண்டு காணாமல் போனது.

கூடத்துக்கு இரண்டு சாவிகள். ஒன்று நிலக்சியிடம். மற்றது துணி கழுவும் தொட்டிகளைப் பார்க்கிற மகேஸ்வரனிடம். திங்கட்கிழமை காலை நிலக்சி தறிகளை நிறுத்தி, எல்லோரையும் சுற்றி நிற்க வைத்து, அவருடைய சாப்பாட்டுப் பையை மேசையில் கொட்டினாள். சோற்றுப்பெட்டி, பிறஷர் குளிசை, காலுக்கு மாற்று மேசு. துணி இல்லை. ஆனாலும் அவரை வீட்டுக்குப் போகச் சொன்னாள்.

இன்று வெள்ளி. பின்னேரம் நான்கு மணிக்குத் துணி வாங்கும் கொம்பனியின் ஆள் வருகிறார்; முதியோர் இல்லங்களுக்கு அங்கி தைக்கும் கொம்பனி. அவர் போனதும் நிலக்சி பொலிசுக்குப் போகப்போகிறாள். அதற்குள் துர்க்காவின் அறிக்கை அவளுக்கு வேண்டும்: எடுத்தது மகேஸ்வரன்தான் என்று.

ஆதாரமாக அவள் தந்திருந்தது விரல் நீளத் துணி மூலை ஒன்று. கூடத்தில் மகேஸ்வரன் உடைமைகளைப் பூட்டி வைக்கும் பெட்டியடியில் கிடந்ததாம். அதில் காய்ந்த கருஞ்சிவப்புப் பொட்டு. "கிழிக்கேக்கை கையை வெட்டியிருக்கிறார். இரத்தம்" என்றிருந்தாள். துர்க்கா அதை நம்பினாள். தன்னைப்போல ஒருத்தி சொன்னதை ஏன் நம்பாமல் விடுவது?

"கை சுத்தம்" என்றான் திலக்சன், காரைத் திருப்பியபடி. "அப்ப இரத்தம் ஆற்றை?"

"அதைத்தான் கேக்கப் போறம்."

*

நெசவுக்கூடத்தில் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. பேச வேண்டுமானால் கத்த வேண்டும். நிலக்சி அவர்களைக் கண்ணாடி அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள். கூடத்து மூலையில் அந்த முதல் றோல் நின்றது. முகம் கழுவி வந்த பிள்ளைபோல வெள்ளையாக இருந்தது.

"சணலைத் தனிய நெய்தா அது சாக்கு" என்றாள் நிலக்சி. அவள் இதைப் பலமுறை சொல்லிப் பழகியவள் என்று தெரிந்தது. "பருத்தியைத் தனிய நெய்தா அதை ஆரும் செய்வினம். இரண்டையும் கலந்தா சாக்கின்ரை பலமும் வரும், பருத்தியின்ரை மெதுமையும் வரும். ஆனா தறியாலை இறங்கேக்கை முரடு. சோடாவிலை அவிச்சு, திரும்பத் திரும்ப அலசி, கடைசியா வினிகர்த் தண்ணியிலை போட்டு எடுக்கோணும். அந்தப் பக்குவம்தான் என்ரை முதல். துணி ஒரு துண்டு போட்டிக்காரன்ரை கையிலை போனா அவன் கண்டுபிடிச்சிடுவான்."

"இஞ்சத்தைச் சணல் கஞ்சாச் செடிதானே?" என்றான் திலக்சன்.

"அதின்ரை போதையில்லாத இனம்."

"பாவம். குடும்பத்திலை ஒராளாவது படிச்சு முன்னுக்கு வரோணும்."

நிலக்சி சிரிக்கவில்லை. துர்க்கா இருவரையும் கூட்டிக்கொண்டு வெளியே போய் றோலின் முனையை விரித்துப் பார்த்தாள். ஓரத்தில் கத்தரிக்கோல் சிறியதாக ஒரு கொத்துக் கொத்தியிருந்தது. அங்கிருந்து மறுகரைவரை நூல் பிடித்ததுபோல நேராகக் கிழிந்திருந்தது. அருகே வெட்டும் மேசையில், சங்கிலியில் கட்டிய உருளைக்கத்தி தொங்கியது. இங்கே வேலை செய்கிற எல்லோரும் அதால்தான் வெட்டுவார்கள்.

"இது வெட்டினதில்லை. கொத்திப்போட்டுக் கிழிச்சது" என்று கத்தினாள். "புடவைக்கடையிலை கிழிக்கிறமாதிரி. எவ்வளவு குறையுது?"

"மூண்டரை மீற்றருக்குக் கொஞ்சம் கூட."

அந்த நீளத்தை அளக்கத் துர்க்கா றோலின் விளிம்பில் முழங்கையை வைத்தாள். முழங்கையிலிருந்து விரல்நுனிவரை ஒன்று. கையைத் தூக்கி அடுத்தது. வாய்க்குள் எண்ணினாள். எண்ணி முடித்ததும் நிமிர்ந்து, இருவரையும் கண்ணாடி அறைக்குள் திரும்பக் கூட்டிப்போனாள்.

"எட்டு முழம்."

"அக்கா, கனடாவிலை மெற்றிக் வந்து கனகாலம்."

"எடுத்தவருக்கு வரேல்லை. கேள். துணியை ஆராயப் போற கள்ளனுக்குக் மூக்குத் துடைக்கிற கைலேஞ்சியளவு காணும். விக்கப் போற கள்ளன் றோலையே தூக்குவான். சரியா எட்டு முழம் கிழிக்கிறவன் என்ன செய்யப் போறான்?"

திலக்சன் தலையைச் சொறிந்தான். "வேட்டி கட்டப் போறான்."

"மகேஸ்வரனும் வேட்டி கட்டுவார்தானே" என்றாள் நிலக்சி. கொஞ்சம் வேகமாகவே சொன்னாள்.

"கட்டலாம். உங்கட சாவி எங்கை இருக்கும்?"

"யூனியன்வில்லிலை, வீட்டிலை. கதவடியிலை கொழுவியிருக்கும்."

"வீட்டிலை ஆர் ஆர்?"

"நானும் அப்பாவும். அப்பாவை இதுக்குள்ளை இழுக்கவேண்டாம். அவர் இஞ்சை வாறேல்லை. நான்தான் வரவேண்டாம் எண்டனான்."

"ஏன்?"

நிலக்சி கண்ணாடிக்கு வெளியே பார்த்தாள். "வாற ஆக்களைப் பிடிச்சு, இது கஞ்சாச் செடி, என்ரை மகள் கஞ்சாவிலை துணி நெய்யிறாள் எண்டு பெருமையாச் சொல்லுறார். பாங்கிலையிருந்து வந்த மனிசி ஒருத்தி திரும்பி வரவே இல்லை."

அவளுடைய தொலைபேசி அடித்தது. துணி வாங்கும் கொம்பனி. அவளுடைய குரல் உடனே வேறு ஒருத்தியின் குரலானது. முதுகும் நிமிர்ந்தது. துர்க்காவுக்கு அந்தக் குரலைத் தெரியும். தன்னிடமும் ஒன்று இருக்கிறது.

*

கார் தரிப்பிடத்தில் நின்று திலக்சன் மட்டன் றோல் தின்றான். தின்ற விதம் அவனுடைய சேர்ட்டில் தெரிந்தது. துர்க்கா பார்த்த பார்வையில் உள்ளே போய், கழுவும் தொட்டியடியில் சோப்புப் போட்டுத் தேய்த்துவிட்டு வந்தான்.

"அக்கா, என்னைச் சுட்டுப்போட்டாங்கள்."

நெஞ்சில் மஞ்சளாக இருந்த கறை இப்போது இரத்தச் சிவப்பு.

"கறிக்கறையிலை சோப்புப் பட்டாச் சிவக்கும். உங்கட வீட்டிலை ஆர் உடுப்புத் தோய்க்கிறது?"

"மெஷின்."

துர்க்கா கைப்பையைத் திறந்து, பிளாஸ்ரிக் உறையில் கிடந்த துணி மூலையை எடுத்து அவன் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தாள். இரண்டும் ஒரே நிறம்.

"ஆலாத்தித் தண்ணி என்னெண்டு சிவக்கிறது?" என்று கேட்டாள்.

"மஞ்சளும் சுண்ணாம்பும். தங்கச்சி பெரியபிள்ளையான சாமத்தியவீட்டுக்கு நான்தான் கலக்கினனான். கொலை செய்தவன் கைமாதிரி இருந்தது."

"புது உடுப்பு எடுத்தா, போட முதல் அம்மா என்ன செய்வா?"

"மூலையிலை மஞ்சள் தடவுவா. ஜீன்ஸ் எண்டாலும் விடமாட்டா." அவன் நிறுத்தினான். துணி மூலையைப் பார்த்தான். "ஓ."

"இது இரத்தமில்லை. மஞ்சள். துணியிலை சோடா மிச்சமிருந்ததாலை சிவந்திருக்கு. இப்ப சொல்லு. கள்ளன் களவெடுத்த துணிக்கு மஞ்சள் வைப்பானோ?"

"பக்தியான கள்ளன் எண்டா..."

"கள்ளனே இல்லை. அது தன்ரை துணியெண்டு நினைச்ச ஆள். நல்ல நாளிலை கட்டோணும் எண்டு ஆசைப்பட்ட ஆள்."

"யூனியன்வில்லிலை, கதவடியிலை சாவி தொங்கிற வீட்டிலை இருக்கிற ஆள்." திலக்சன் கடைசித் துண்டை வாய்க்குள் தள்ளினான். "இண்டைக்கு வெள்ளிக்கிழமை, அக்கா. வேட்டி கட்டுற அங்கிள்மார் எல்லாரும் ஒரே இடத்திலைதான் நிப்பினம்."

*

நானூற்றுநான்காம் நெடுஞ்சாலையில் ஏறி, எல்ஜின் மில்ஸில் இறங்கி, றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது மத்தியானப் பூசை முடிகிற நேரம். திலக்சன் சேர்ட்டைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு உள்ளே போனான். முன்தள்ளிய தன் தொந்தி வண்டியைப் பார்த்துத் தானே பெருமூச்சு விட்டான். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தான்.

"உள்ளுக்கை நிக்கிற அங்கிள்மார் எல்லாரும் வேட்டியோடை, மேல்சட்டையில்லாமல். உங்கை பாருங்கோ."

செருப்பு வைக்கும் தட்டுக்களுக்குப் பக்கத்தில் கிடந்த நீள வாங்கில் ஒருவர் தனியே உட்கார்ந்திருந்தார். காற்சட்டை. கழுத்துவரை பொத்தான் பூட்டிய முழுக்கைச் சேர்ட். நெற்றியில் மட்டும் திருநீறு. அவரைக் கடந்துபோன இன்னொரு பெரியவர் சிரித்துக்கொண்டே கேட்டார்: "என்ன குலசிங்கம், வேட்டியை வாடகைக்கு விட்டிட்டியோ? போன வெள்ளிக்கிழமை என்ன எடுப்பு எடுத்தனி. மகள் நெய்த வேட்டியெண்டு பிள்ளையாருக்கே காட்டினாயே."

குலசிங்கம் சிரிக்க முயன்றார். வரவில்லை.

துர்க்கா போய்ப் பக்கத்தில் இருந்தாள். தன்னை அறிமுகப்படுத்தவில்லை. சோடா போகாத துணி தோலை எரிக்கும் என்று அவள் வழியிலேயே யோசித்திருந்தாள்.

"அங்கிள், எரிவு குறைஞ்சிட்டுதோ?"

"ஓம் பிள்ளை, கிறீம் பூசினனான், இப்ப..." அவர் நிறுத்தினார். மெல்லத் திரும்பி அவளைப் பார்த்தார். கை தானாக இடுப்புக்குப் போனது. "நீர் ஆர்?"

சொன்னாள். நிலக்சி கூப்பிட்டதையும் சொன்னாள்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். பேசியபோது செருப்புகளிடம் பேசுவதுபோல இருந்தது.

"அவளின்ரை முதல் துணி. நாலு பேர் பார்க்க ஒருக்காக் கட்டோணும் எண்டு ஒரு ஆசை. கேட்டாத் தந்திருப்பாள். ஆனா கேக்கப் போனா, என்னப்பா இஞ்சை எண்டு கேப்பாள். அதுதான் அவள் இல்லாத நேரம் சாவியை எடுத்துக்கொண்டு போனன். மூலையிலை மஞ்சள் வைச்சன். வைச்ச உடனை சிவந்துபோச்சுது. ஆலாத்தி எடுத்தமாதிரி. நல்ல சகுனம் எண்டு நினைச்சனே, பிள்ளை."

திலக்சன் இடுப்பில் கட்டியிருந்த சேர்ட்டை அவிழ்த்துப் போட்டுக்கொண்டான்.

"மூண்டாம் சுத்துச் சுத்தேக்கை இடுப்பிலை நெருப்பு வைச்சமாதிரி. எல்லாரிட்டையும் பெருமை அடிச்சுப்போட்டு, கக்கூசுக்கை ஓடி நிண்டு சொறிஞ்சன். இண்டைக்கு உள்ளுக்கை போறதெண்டாச் சேர்ட்டைக் கழட்டோணும். இடுப்பெல்லாம் செதில். ஆராவது கேட்டா என்ன சொல்லுறது? என்ரை மகளின்ரை துணி கடிச்சதெண்டோ?"

அவளுக்கு இரக்கம் வந்தது. இரக்கத்தோடு எரிச்சலும் வந்தது.

"உங்கட வெக்கத்துக்கு இன்னொரு மனிசன் விலை குடுத்திருக்கிறார், அங்கிள். திங்கட்கிழமை எல்லாருக்கும் முன்னாலை மகேஸ்வரன்ரை சாப்பாட்டுப் பையைக் கொட்டித் தேடினவை. கள்ளன் எண்டு வீட்டை அனுப்பியாச்சு. பின்னேரம் பொலிசுக்குப் போகப் போகினம். நீங்கள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

"மகேஸ்வரனையோ?" குலசிங்கம் நிமிர்ந்தார். முகத்தில் உண்மையான திகைப்பு. "அவரை ஏன் தேடினவை? நான்தானே எடுத்தனான். அண்டைக்கே சொன்னனானே."

"எண்டைக்கு?"

"அதே வெள்ளிக்கிழமை. இஞ்சையிருந்து போன கையோடை."

"ஆரிட்டை?"

"பிள்ளையிட்டை. நிலக்சியிட்டை. வேட்டியைக் கையிலை குடுத்து, உது கடிக்குது, கவனமெண்டு சொன்னனான். நான் சொறிஞ்சு சொறிஞ்சு இரத்தம் கசிஞ்சதையும் பார்த்தவள். அவள்தான் ஒயின்மென்ற் வாங்கித் தந்தவள்."

கோயில் மணி அடித்து ஓய்ந்தது. யாரோ ஒருவர் செருப்புத் தேடினார். துர்க்கா எழும்பி அவருக்கு வழிவிட்டாள்.

போன வெள்ளியே நிலக்சிக்குத் தெரியும். திங்கள் பையைக் கொட்டினாள். அந்தப் பொட்டைத் தகப்பனின் இரத்தம் என்றே அவளும் நினைத்திருக்கிறாள். மூலையை வெட்டியெடுத்து, அந்த இரத்தத்தை மகேஸ்வரனின் தலையில் கட்டினாள். பிறகு துர்க்காவைக் கூப்பிட்டாள். உண்மையைத் தேட இல்லை. படித்த பிள்ளை ஒருத்தி கையெழுத்துப் போட்டால் பொய்க்கும் ஒரு மரியாதை வரும் என்று.

அந்தக் கையெழுத்துக்காகத்தான் துர்க்கா இன்று காலை ஒரு சிறுமி பார்க்க அவளுடைய தகப்பனை நிற்க வைத்தாள். முகம் சூடாகி, காது மடல்வரை எரிந்தது. இதற்குப் பூச எந்தக் கிறீமும் இல்லை.

"திலக்சன், காரை எடு. வழியிலை எங்கடை தமிழ்க்கடையொண்டிலை நிப்பாட்டு."

"என்ன வாங்க?"

"மஞ்சள் தூள்."

"நானும் வாறன்" என்றார் குலசிங்கம்.

*

நான்கு மணிக்கு இன்னும் நேரம் இருந்தது. றோலை வெள்ளைத்தாளில் சுற்றி நாடா கட்டிக் கண்ணாடி அறைக்குள் வைத்திருந்தாள் நிலக்சி. துர்க்கா நாடாவை அவிழ்த்தாள்.

"என்ன செய்யிறியள்? அது போற துணி."

துர்க்கா தூளைத் தண்ணீரில் குழைத்து, பெருவிரலால் துணியில் ஒரு கோடு இழுத்தாள். மஞ்சளாகத்தான் இழுத்தாள். இழுத்து முடிய முதலே அது சிவக்கத் தொடங்கியது.

"கடைசித் தண்ணி, வினிகர்த் தண்ணி, இந்த றோல் காணவே இல்லை. என்ன?"

நிலக்சி சிவப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கண்ணாடிக்கு வெளியே பார்த்தாள். கூடத்து வாசலில், உள்ளே வராமல், நிலைக்குப் பக்கத்தில் அவளுடைய அப்பா நின்றார். உள்ளே வரலாமா என்று அவருக்கு இன்னும் தெரியவில்லை.

"நாள் காணாது" என்றாள். குரல் அடங்கியிருந்தது. "அதையும் போட்டா றோல் முழுக்க அலசிக் காயவைச்சு எடுக்கப் பத்து நாள் வேணும். இண்டைக்கு இவையள் கையெழுத்து வைச்சிட்டா, அடுத்த றோல் எல்லாம் சரியாக் கழுவியிருப்பன். சத்தியமாக் கழுவியிருப்பன்."

"முதியோர் இல்லத்துக்கு அங்கி தைக்கிற துணி. சொறியக்கூடக் கை தூக்கேலாத சனம் போடுற அங்கி."

"தெரியும்."

"அப்பா தன்ரை இடுப்பைக் காட்டின பிறகும் தெரியும். சரி. மகேஸ்வரன் என்ன செய்தவர்?"

நிலக்சி நாடாவை எடுத்து விரலில் சுற்றினாள். வெளியே தறிகள் ஓடிக்கொண்டிருந்தன.

"நான் சொல்லுறன்" என்றாள் துர்க்கா. "கடைசித் தண்ணி வேண்டாம் எண்டு நீங்கள் சொன்னது அவருக்கு மட்டும்தான் தெரியும். தொட்டியைப் பார்க்கிறது அவர்தானே. பிறகு ஆருக்காவது கடிச்சு விசாரணை வந்தா அவர் வாயைத் திறப்பார். கள்ளன் எண்டு பேர் வாங்கினவன் சொன்னா ஆர் நம்புறது? அதுக்குத்தானே பையைக் கொட்டினீங்கள்?"

"நான் முதல் அப்பிடி நினைக்கேல்லை. அப்பா களவெடுத்தவர் எண்டு வெளியிலை தெரியக்கூடாது எண்டுதான்... பிறகுதான் மற்றது." நிலக்சி கதிரையில் இருந்தாள். "துர்க்கா, உங்களுக்கு விளங்கும் எண்டு நினைச்சன். எங்களைப்போல ஆக்கள் ஒருக்கா விழுந்தா திரும்ப எழும்ப விடமாட்டினம். உங்களுக்குத் தெரியும்தானே."

"தெரியும். விளங்குது. அதுதான் எனக்கு வெக்கமாயிருக்கு" என்றாள் துர்க்கா. "உங்களிலை மதிப்பு வைச்சதாலை நான் உங்களிட்டை ஒரு கேள்வியும் கேக்கேல்லை. கேக்கவேண்டியதெல்லாத்தையும் அந்த மனிசனிட்டைப் போய்க் கேட்டன். நீங்களும் நானும் படிச்ச படிப்பு உதுக்கோ?"

திலக்சன் மேசையில் கிடந்த தொலைபேசியை நிலக்சியின் பக்கம் தள்ளினான். "முதல் கோல் கொம்பனிக்கு" என்றான். "துணி இன்னும் ரெடியில்லை எண்டு சொல்லுங்கோ. அது உண்மைதானே, கஷ்டமிராது."

அவள் அழைத்தாள். அந்த மற்றக் குரலில் பேசத் தொடங்கினாள். நடுவில் அது உடைந்து, அவளுடைய சொந்தக் குரலிலேயே பேசி முடித்தாள். எதிர்ப்பக்கம் என்ன சொன்னது என்று யாரும் கேட்கவில்லை. அவளுடைய முகத்தில் பதில் இருந்தது.

"இனி வெளியிலை வாங்கோ" என்றாள் துர்க்கா.

தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. அந்த அமைதிக்கு யாருக்கும் பழக்கமில்லை. கூடத்தில் மூத்தவள் கரோலின். நூல் தூசியைக் கையால் தட்டியபடி முன்னுக்கு வந்தாள். வாசலில் நின்ற குலசிங்கத்தைப் பார்த்தாள், துர்க்காவைப் பார்த்தாள். எதுவோ அவளுக்கு விளங்கிவிட்டது.

"மகேஸ்வரன்ரை விசயமோ?" என்றாள்.

"ஓம் கரோலின் அக்கா. துணியை எடுத்தது என்ரை அப்பா" என்றாள் நிலக்சி.

கொஞ்சநேரம் எல்லோரும் தங்கள் சப்பாத்துகளைப் பார்த்தார்கள். திங்கட்கிழமை இதே வட்டத்தில் நின்று, மேசையில் சோற்றுப்பெட்டி உருண்டதைப் பார்த்தவர்கள்தானே அவர்கள்.

"நாங்களும் பார்த்துக்கொண்டு நிண்டனாங்கள்" என்றாள் கரோலின். "நான் அண்டைக்கு என்ரை பெட்டிக்கு வேறை பூட்டும் வாங்கிப் போட்டனான். அவருக்கு ஒரு கோல்கூட எடுக்கேல்லை. இப்ப எடுங்கோ. நாங்கள் நிக்கிறம்."

நிலக்சி தொலைபேசியை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தாள். மணி பலமுறை அடித்தது.

"ஹலோ."

"மகேஸ்வரன் அண்ணை, நான் நிலக்சி கதைக்கிறன். ஒரு பிழை நடந்திட்டுது. நீங்கள் திங்கட்கிழமை வேலைக்கு வரலாம்."

அந்தப் பக்கத்தில் தொலைக்காட்சி ஓடுகிற சத்தம். யாரோ அதைக் குறைத்தார்கள்.

"உம்மளோடை ஆர் ஆர் நிக்கினம்?" என்று கேட்டார் மகேஸ்வரன்.

"எல்லாரும்."

"அண்டைக்கு நிண்ட எல்லாரும்?"

"ஓம் அண்ணை."

"பிழை தானா நடக்காது, பிள்ளை. ஆர் செய்தது எண்டதையும் சேர்த்துச் சொல்லும்."

நிலக்சி மேசையைப் பிடித்துக்கொண்டாள். சொன்னாள். எடுத்தது அப்பா என்று சொன்னாள். தெரிந்துகொண்டே பையைக் கொட்டியது தான் என்று சொன்னாள். கடைசித் தண்ணியை நிறுத்தச் சொன்னதும் தான்தான், அதை மறைக்கத்தான் அவரைக் கள்ளனாக்கினேன் என்றும் சொன்னாள். கூட்டத்தில் யாரோ மூச்சை இழுத்தார்கள். வாசலில் குலசிங்கம் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுபக்கத்தில் தொலைக்காட்சிச் சத்தம் முழுதாக நின்றது.

"வேலைக்கு வாறதைப் பற்றி நான் யோசிக்கோணும்" என்றார் மகேஸ்வரன் கடைசியில். "மகள் இப்பதான் பள்ளிக்கூடத்தாலை வந்தவள். பக்கத்திலை நிண்டு கேட்டவள். அவளுக்கு இன்னும் ஒண்டு தெரியோணுமாம். காலமை வந்த அந்த அக்கா அங்கை நிக்கிறாவோ எண்டு கேக்கிறாள்."

எல்லோரும் துர்க்காவைப் பார்த்தார்கள். திலக்சன் மட்டும் பார்க்கவில்லை.

"நிக்கிறன், அண்ணை" என்றாள் துர்க்கா.

"அப்ப நீர் செய்ததை நீரும் சொல்லும்."